பாரடைஸ் 'பரதேசம்'ல இருந்து வந்ததா?

பாரடைஸ்ங்கிற சொல் நம்ம 'பரதேசம்'ல இருந்து போனதுதானே, அப்புறம் பாரடைஸும் சொர்க்கமும் ஒண்ணுதானேன்னு ரெண்டு கேள்வி கேட்டிருந்தீங்க. முதலாவதுக்கு நேரடியா இல்லைன்னு சொல்லிடலாம். ரெண்டாவது கொஞ்சம் இழுக்கும், ஏன்னா இன்னைக்குப் பேச்சுல ரெண்டும் ஒண்ணு மாதிரி ஆகிப்போச்சு, ஆனா ஒண்ணு வானத்துல பொறந்த சொல், இன்னொண்ணு தரையில, அதுவும் மண்ணைக் குழைச்சுக் கட்டின ஒரு சுவருக்குப் பக்கத்துல பொறந்த சொல்.

பரதேசம் விஷயத்துல உங்களைக் குறை சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டு பைபிள் அகராதிகள் சிலதுலயே இந்த ஒப்பீடு இருக்கு, காதுக்கும் அப்படியே கேக்குது. ஆனா சொல் ஆராய்ச்சியில காதை நம்பினா கதை கந்தலாயிடும், சத்தம் எந்த மொழியில எப்படி மாறுதுங்கிற கணக்கைத்தான் பாக்கணும். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தனும் சமஸ்கிருதமும் கிட்டத்தட்ட பங்காளிங்க, ரெண்டுக்கும் நடுவுல உள்ள கணக்கு ரொம்ப ஒழுங்கானது. சமஸ்கிருதத்துல 'ஹ' வர்ற இடத்துல நிறைய தடவை அவெஸ்தன்ல இங்கிலீஷ் இஸட் சத்தம் வரும் (தமிழ்ல அதுக்கு எழுத்து இல்ல, 'ஜ'ன்னே எழுதுறேன், மனசுல இஸட்டுன்னு படிச்சுக்கோங்க). கைக்கு இங்க ஹஸ்த, அங்க ஜஸ்த. தங்கத்துக்கு இங்க ஹிரண்ய, அங்க ஜரன்ய. ஆனா 'தேசம்', 'சதம்' இதுல எல்லாம் வர்ற அந்த மெல்லிய ச இருக்கே, அது அங்க போனா வெறும் 'ஸ' ஆகும், இஸட் ஆகவே ஆகாது, நூறுக்கு அங்க ஸத. இப்போ பாரடைஸோட மூலச் சொல்லைப் பாருங்க, அவெஸ்தன்ல அது 'பைரிதஏஜ', கடைசியில இருக்கிறது இஸட். அப்போ அதுக்கு சமஸ்கிருத ஜோடி தேசம் கிடையாது, 'தேஹ'. முதல் பாதியும் 'பர' இல்ல, 'பரி'. ரெண்டு பாதியுமே பொருந்தலை, கேஸ் முடிஞ்சுது.

ஆனா நிஜமான விடை எனக்கு பரதேசத்தை விட சுவாரசியமா தெரியுது. 'பரி'ன்னா சுத்தி, பரிவாரத்துல இருக்கிற அதே பரி, கிரேக்கத்துல 'பெரி', பெரிமீட்டர் பெரிஸ்கோப்ல வர்றது அதுதான். 'தஏஜ'ன்னா குழைச்சு அடுக்கி எழுப்பினது, மண் சுவர். இதோட வேர் சமஸ்கிருதத்துல 'திஹ்', பூசுறது மெழுகுறதுன்னு அர்த்தம், நாம தினமும் சொல்ற 'தேகம்' இந்த வேர்ல இருந்து வந்ததுதான், பூசி உருவாக்கினதுங்கிற கணக்குல உடம்புக்கு அந்தப் பேர். ரிக்வேதத்துல 'தேஹீ'ன்னு ஒரு சொல் வருது, அதுக்கு மண் அரண், கரைன்னு அர்த்தம், அது நம்ம தஏஜவுக்கு அக்கா தங்கச்சி. இங்கிலீஷ்ல பிசைஞ்ச மாவுக்கு 'டோ'ங்கிறாங்களே அதுவும் இதே குடும்பம். ஈரான்ல தெஸ்ஃபூல்னு ஒரு ஊர் இருக்கு, அதுல 'தெஸ்'னா கோட்டை, 'ஃபூல்'னா பாலம், அந்தக் கோட்டையும் இந்த வேர்தான். ஆக பைரிதஏஜன்னா சுத்துச்சுவர். இன்னும் பச்சையா சொன்னா காம்பவுண்ட். பூ, மரம், தேன் ஆறு, இன்பம், ஆண்டவன், எதுவுமே அந்தச் சொல்லுக்குள்ள இல்ல.

இன்னும் வேடிக்கை இந்தச் சொல் அவெஸ்தால, அதாவது பழைய ஈரானோட ஜொராஸ்ட்ரிய மத வேதத்துல, எந்த இடத்துல வருதுங்கிறது. வெந்திதாத்னு ஒரு பகுதி, அந்த மதத்தோட தீட்டு, சுத்தம் பத்தின சட்டங்கள் நிறைய இருக்கிற நூல். ஒரு பிணத்தை யாரும் தனியா சுமக்கக் கூடாதுன்னு விதி, ரெண்டு பேராவது சேர்ந்துதான் தூக்கணும். ஒருத்தன் மீறித் தனியா சுமந்துட்டா அவனுக்குத் தீராத தீட்டு. அவனை என்ன பண்ணணும்னா, தண்ணியும் செடிகொடியும் இருக்கிறதுலயே குறைவா உள்ள, நல்லா காஞ்ச ஒரு நிலத்துல சுத்துச்சுவர் எழுப்பி அதுக்குள்ள அவனை வச்சு, சாப்பாடும் துணியும் மட்டும் குடுத்துட்டு, தள்ளியே வச்சிருக்கணும், அதுவும் அவன் கிழவனாகிற வரைக்கும். அந்த அடைப்புக்குப் பேர்தான் பைரிதஏஜ. குழந்தை வயித்துலயே செத்துப் பொறந்த தாயை ஒதுக்கி வைக்கிற அடைப்புக்கும் அதே சொல்தான். அதாவது இன்னைக்கு ரிசார்ட்டுக்கும் ஹனிமூனுக்கும் போர்டு போடுற இந்தச் சொல்லோட பழைய பதிவு தண்ணியில்லாத, மரமில்லாத, மனுஷ வாடையில்லாத ஒரு தீட்டு அடைப்பு. நான் சொல் வரலாறு படிக்க ஆரம்பிச்சதுல இருந்து இதை விடக் கொடுமையான தலைகீழ் எதையும் பாத்ததில்ல.

அப்போ அந்த மதக்காரங்க சொர்க்கத்தை என்னன்னு சொன்னாங்க? அதுக்கு வேற சொற்கள் வச்சிருந்தாங்க. ஒண்ணு 'கரோ தெமான', பாட்டு வீடுன்னு அர்த்தம். இன்னொண்ணு 'வஹிஷ்த', மிகச் சிறந்ததுன்னு அர்த்தம், அதுதான் பாரசீகத்துல 'பெஹெஷ்த்' ஆச்சு, உருதுல பிஹிஷ்த். தோல் பையில தண்ணி சுமந்தவங்களை வட இந்தியாவுல பிஷ்தின்னாங்களே, அது பிஹிஷ்தி, சொர்க்கத்து ஆளுன்னு அர்த்தம். தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறவனுக்கு அந்தப் பேர் ரொம்பப் பொருத்தம். பாரடைஸ் கண்டுபிடிச்ச ஊர்லயே அப்போ சொர்க்கத்துக்கு பாரடைஸ்னு பேர் இல்லைங்கிறதுதான் இதுல கவனிக்க வேண்டியது.

காஞ்ச அடைப்பு பச்சைத் தோட்டமா மாறினது பாரசீகப் பேரரசு காலத்துல. வெயிலும் காத்தும் புழுதியுமா இருக்கிற ஒரு மேட்டு நிலத்துல மரம் வளக்கணும்னா முதல்ல வேண்டியது ஒரு சுவர், அடுத்தது எங்கிருந்தாவது கொண்டு வர்ற தண்ணி, சுவர் இல்லாம அங்க தோட்டமே கிடையாது, அதனால சுவரோட பேரே தோட்டத்துக்குப் பேராயிடுச்சு. 1933-ல பாரசீக அரசர்களோட தலைநகரான பெர்செபோலிஸ் கோட்டையில ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைச்சுது, பெரும்பாலும் ஈலமைட்ங்கிற பழைய ஈரான் பக்கத்து மொழியில எழுதின அரசாங்கக் கணக்கு வழக்கு, கிமு 509-க்கும் 493-க்கும் இடைப்பட்டது. அதுல 'பர்தேதஷ்'னு இந்தச் சொல் வருது, பழம் சேத்து வைக்கிற இடமா, மரம் வளக்கிற இடமா. யாரும் உருகிக் கவிதை பாடல, ஸ்டாக் எவ்வளவுன்னு குமாஸ்தா எழுதி வச்சிருக்கான். பாரசீகப் பேரரசை நிறுவின பெரிய சைரஸோட தலைநகரான பசர்கதேயில 1960கள்ல தொல்லியலாளர் டேவிட் ஸ்ட்ரோனாக் தோண்டினப்போ, செதுக்கின சுண்ணாம்புக் கல்லுல ஓடுற வாய்க்காலும், நடுநடுவுல சின்னச் சின்ன கல் தொட்டிகளும் வெளிய வந்துச்சு, அரண்மனையைச் சுத்தி இருந்த தோட்டத்துக்கு. 2011-ல யுனெஸ்கோ 'பாரசீகத் தோட்டம்'னு ஒம்பது தோட்டங்களைப் பட்டியல்ல சேத்தப்போ அதுல பசர்கதேயும் ஒண்ணு.

இங்க இருந்து கிரேக்கத்துக்குக் கொண்டு போனது கிரேக்க எழுத்தாளர் செனஃபோன். கிமு 401-ல பாரசீக இளவரசன் இளைய சைரஸ் (முன்னாடி சொன்ன பெரிய சைரஸ் இல்ல) ராஜாவா இருந்த தன் அண்ணன் மேல படையெடுத்தப்போ கூலிப் படையில போன ஆளு, திரும்பி வந்து எல்லாத்தையும் எழுதினார். கெலைனைங்கிற ஊர்ல சைரஸுக்கு ஒரு அரண்மனையும், காட்டு மிருகங்கள் நிறைஞ்ச பெரிய 'பரதெய்சோஸ்'ஸும் இருந்துச்சு, தனக்கும் குதிரைகளுக்கும் பயிற்சி வேணும்னா அங்க வேட்டையாடுவான், நடுவுல மையாண்டர் ஆறு ஓடும்னு எழுதுறார். அப்போ அது வேட்டைக் காடு. வேற ஒரு நூல்ல சார்திஸ் ஊர்த் தோட்டத்தைப் பத்திச் சொல்றார். ஸ்பார்ட்டாக்காரன் லைசாண்டர் வந்து பாக்குறான், மரமெல்லாம் நேர் வரிசையில, ஒரே இடைவெளியில, நடந்து போகப் போக வாசனை. அசந்து போய் இதை அளந்து போட்டவன் யாரோ அவனைத்தான் பாராட்டணும்னு சொல்ல, சைரஸ், அளந்தது நான்தான், சில மரத்தை என் கையாலயே நட்டேன்னு சொல்றான். லைசாண்டர் அவனோட அழகான உடையையும் வாசனைத் தைலத்தையும் நகையையும் மேலயும் கீழயும் பாக்குறான், நம்பல. அதுக்கு சைரஸ் மித்ரன்ங்கிற தன் தெய்வத்து மேல சத்தியம் பண்றான், உடம்பு நல்லா இருக்கிறப்போ போர்லயோ விவசாயத்துலயோ வியர்வை சிந்தாம நான் சாப்பாட்டுல உக்காந்ததே இல்லன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, சொல் வரலாறு எல்லாம் வேண்டாம்னாலும் இதுக்காகவே செனஃபோனைப் படிக்கலாம்.

ஒரு சின்ன நுணுக்கம், வேண்டாம்னா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. நிஜப் பழைய பாரசீகத்துல அந்த இஸட் சத்தம் 'த' ஆகும், கைக்கு அங்க 'தஸ்த'. அப்படிப் பாத்தா சொல் 'பரிதய்த'ன்னு இருந்திருக்கணும். ஆனா கிரேக்கனும் எபிரேயனும் கடைசியில 'ஸ'வோட வாங்கியிருக்கான். அதனால சொல் தெற்குப் பாரசீக அரசவைப் பேச்சுல இருந்து போகல, வடக்கே மீடியான்னு இருந்த பழைய நாட்டோட வழக்குல இருந்து போச்சுன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. ஒரே ஒரு எழுத்துல இவ்வளவு கதை.

எபிரேய பைபிள்ல 'பர்தேஸ்'னு மூணு தடவை வருது, மூணும் ரொம்ப உலகியல். உன்னதப்பாட்டுல மாதுளைத் தோட்டம், பிரசங்கியில ராஜா போட்ட தோட்டங்கள், நெகேமியாவுல ராஜாவோட காட்டு அதிகாரி ஆசாப்கிட்ட கதவுக்கு உத்தரம் வேணும், மரம் குடுன்னு ஒரு லெட்டர். ஆனா ஆதாம் ஏவாள் இருந்த ஏதேனுக்கு இந்தச் சொல் வரவே வராது. ஆதியாகமத்துல அது 'கன்', சாதாரணமா தோட்டம்ங்கிற சொல் (அதோட வேருக்கும் காப்பாத்து, வேலி போடுன்னுதான் அர்த்தம், சுவர் நம்மளை விட மாட்டேங்குது).

அப்போ ஏதேன் எப்போ பாரடைஸ் ஆச்சு? கிமு மூணாம் நூற்றாண்டுல, எகிப்து அலெக்சாண்ட்ரியாவுல. அங்க இருந்த யூதர்களுக்கு எபிரேயம் மறந்து கிரேக்கம்தான் பேச்சு மொழி, அதனால தோராவை, அதாவது ஆதியாகமத்துல தொடங்குற முதல் அஞ்சு நூல்களை, கிரேக்கத்துல மொழிபெயர்த்தாங்க. 'கன்' வர்ற இடத்துக்கு கிரேக்கத்துல 'கேப்போஸ்'னு எளிமையான சொல் இருந்துச்சு, கீரைப் பாத்தி கொல்லைப்புறம் எல்லாத்துக்கும் அதுதான். அதை விட்டுட்டு 'பரதெய்சோஸ்'ஸை எடுத்தாங்க. ஏன்னு யாரும் எழுதி வைக்கல, என் யூகம் என்னன்னா, பகலோட குளிர்ச்சியான வேளையில கடவுள் அந்தத் தோட்டத்துல உலாவுறார்னு கதையில வருது, ஆறு ஓடுது, மிருகங்கள் இருக்கு, உள்ள ஒரு மரத்தைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு, வெளிய தள்ளினதுக்கு அப்புறம் வாசல்ல காவல் வேற. இது கொல்லைப்புறம் இல்லையே, ஒரு பேரரசனோட அடைப்புத் தோட்டம், அந்தக் காலத்து கிரேக்க வாசகனுக்கு அந்தக் காட்சியைக் குடுக்க பரதெய்சோஸ்தான் சரி. இந்த ஒரு மொழிபெயர்ப்பு முடிவு நடக்கலைன்னா பாரடைஸ்ங்கிறது இன்னைக்கு பழைய வரலாற்று நூல்ல மட்டும் வர்ற ஒரு வேட்டைக்காட்டுப் பேராத்தான் இருந்திருக்கும்.

ஏதேன்ங்கிற பேருக்கும் ஒரு வரி. சுமேரிய 'எதின்', அதாவது சமவெளின்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, 1979-ல சிரியாவுல தெல் ஃபெகெரியேயில கிடைச்ச ஒரு அரமேய-அக்காதிய இருமொழிக் கல்வெட்டுல இதே வேர் செழிப்பாக்குறதுங்கிற அர்த்தத்துல வருது, அதுக்கப்புறம் செழிப்பு, இன்பம்ங்கிற பக்கமே தராசு சாஞ்சிருக்கு. பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோம் ஏதேன் தோட்டத்தை 'இன்பத்தின் பாரடைஸ்'னே மொழிபெயர்த்திருந்தார், ஒருவகையில அவர் சரி.

ஏதேனுக்கு அந்தப் பேர் வந்த பிறகு மீதி தானா நடந்துச்சு. ஆதியில இழந்த தோட்டம் கடைசியில நல்லவங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்ங்கிற நம்பிக்கை யூத எழுத்துகள்ல வளந்துச்சு, சாக்கடல் பக்கத்துல கும்ரான்ல கிடைச்ச, ஏனோக்குங்கிற பழைய யூத நூலோட அரமேயத் துண்டுகள்ல 'நீதியின் பர்தேஸ்'னு வருது. புதிய ஏற்பாட்டுல மூணே இடம், அதுல பிரபலமானது சிலுவையில பக்கத்துல தொங்கின குற்றவாளிகிட்ட இயேசு சொல்றது, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்". இங்க தமிழ் வாசகருக்கு ஒரு இழப்பு இருக்கு. கிரேக்கத்துல படிக்கிறவனுக்கு ஆதியாகமத்துத் தோட்டமும் சிலுவையில சொன்ன இடமும் ஒரே சொல், முதல் மனுஷன் வெளியேறின அதே வாசல் வழியா ஒரு திருடன் உள்ள போறான்னு உடனே உறைக்கும். தமிழ்ல முன்னாடி 'தோட்டம்', பின்னாடி 'பரதீசு', கண்ணி அறுந்து போகுது. தமிழ் பைபிளோட பொது மொழிபெயர்ப்புல 'பேரின்ப வீடு'ன்னு போட்டிருக்காங்க, அர்த்தம் நல்லா புரியும், ஆனா தோட்டம் சுத்தமா காணாமப் போயிடுச்சு.

யூத மரபுல இன்னொரு கிளை, பர்தேஸுக்குள்ள நாலு ரப்பிகள் (யூத மத அறிஞர்கள்) போனாங்கன்னு தல்மூத்ங்கிற யூத மத நூல்ல ஒரு கதை, ஒருத்தர் செத்தார், ஒருத்தருக்குப் புத்தி பேதலிச்சுது, ஒருத்தர் நம்பிக்கையை விட்டார், நாலாமவர் அகிவா மட்டும் நல்லபடியா வெளிய வந்தார். அங்க பர்தேஸ்னா மறைஞான ஆழம். அதே சொல் இன்னைக்கு இஸ்ரேல்ல ஆரஞ்சுத் தோப்பு.

அரபிக்குப் போனப்போ 'ஃபிர்தவ்ஸ்' ஆச்சு, குர்ஆன்ல ரெண்டே இடம், 18:107-லயும் 23:11-லயும். அங்க சொர்க்கத்துக்குப் பொதுப் பேர் 'ஜன்னத்', அதுக்கும் தோட்டம்னுதான் அர்த்தம், வேர் மூடு, மறைன்னு பொருள்படுறது, கண்ணுக்கு மறைஞ்ச ஜின், அறிவு மறைஞ்ச மஜ்னூன் ரெண்டும் அதே வேர். ஃபிர்தவ்ஸ்ங்கிறது ஜன்னத்துலயே உச்ச நிலைன்னு ஹதீஸ் மரபு. இப்போ பாரசீகத்துக்கு என்னாச்சு பாருங்க. அவங்க சொந்தச் சொல் வீட்டுலயே இருந்து தேஞ்சு 'பாலீஸ்' ஆச்சு, அர்த்தம் காய்கறி, முலாம்பழம் போடுற தோட்டம். வெளியூர் எல்லாம் சுத்திட்டு அரபி வழியா வந்தது 'ஃபெர்தோஸ்', அதுதான் சொர்க்கம். ஷாநாமாங்கிற பாரசீகக் காவியத்தை எழுதின ஃபிர்தௌசியோட பேர் அதுல இருந்து வந்ததுதான்.

சரி, நம்ம சொர்க்கம். அது சமஸ்கிருத 'ஸ்வர்க', முன்பாதி 'ஸ்வர்'னா ஒளி, சூரியன், வானம். தமிழோட பழைய சொல் துறக்கம், பட்டினப்பாலையில "பெறற்கு அருந் தொல்சீர்த் துறக்கம்"னு வருது. குறள்ல 'புத்தேள் உலகு', தேவர் உலகம். இன்னும் வானுலகு, உயர்நிலை உலகம். பெரும்பாலும் மேல பாத்து வச்ச பேர், எதுலயும் சுவர் இல்ல, தோட்டம் இல்ல. தோட்டம் இல்லாமலும் இல்ல, இந்திரனுக்கு நந்தனவனம் உண்டு, கற்பக மரம் உண்டு, ஆனா அது சொர்க்கத்துக்குள்ள இருக்கிற ஒரு பகுதி, சொர்க்கமே அது இல்ல. பாரடைஸ் தரைத் தோட்டத்துல இருந்து வானத்துக்கு ஏறின சொல்னா, இந்த நந்தனவனம் எதிர்த் திசையில இறங்கி வந்து கோயில் பூந்தோட்டத்துக்கு 'நந்தவனம்'னு பேராச்சு. அதனால மொழிபெயர்க்கிறப்போ ஹெவன்னு இருந்தா சொர்க்கம் தயங்காம போடுங்க, பாரடைஸ்னு இருந்தா ஒரு நிமிஷம் நின்னு அங்க தோட்டம் முக்கியமான்னு பாத்துட்டுப் போடுங்க.

கொசுறா மூணு விஷயம், சும்மா ரசிக்க. ஹங்கேரியன்ல 'பரதிச்சோம்'னா பாரடைஸும்தான், தக்காளியும்தான். ஆஸ்திரியாவுலயும் தக்காளி 'பரதைஸர்'. வாழைக்கு, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கிற முறையை உருவாக்கின லின்னேயஸ் 1753-ல வச்ச பேர் மூசா பாரடிசியாக்கா, ஏதேன்ல சாப்பிட்ட பழம் வாழைதான்னு ஒரு பழைய கதை உண்டு. பாரடைஸ் பறவை கதை இன்னும் ஜோர். 1522-ல, உலகத்தைச் சுத்தி வந்த மெகல்லன் குழுவோட மிஞ்சின கப்பல் ஐரோப்பாவுக்கு அந்தப் பறவைத் தோல்களைக் கொண்டு வந்துச்சு. நியூ கினி பக்கத்து ஆளுங்க தோலைப் பதப்படுத்தி விக்கிறப்போ காலை வெட்டிடுவாங்க, அப்படிக் காலில்லாம வந்த தோல்களைப் பாத்தவங்க இந்தப் பறவை தரையில இறங்கவே இறங்காது, வானத்துலயே வாழுதுன்னு முடிவு கட்டிட்டாங்க. 1758-ல லின்னேயஸ் அதுல பெரிய இனத்துக்கு 'பாரடிசியா அபோடா', அதாவது காலில்லாத பாரடைஸ் பறவைன்னு பேர் வச்சார். காலெல்லாம் நல்லாவே இருக்குன்னு எப்பவோ தெரிஞ்சாச்சு, அறிவியல் பேர் மட்டும் இன்னும் அதேதான்.